பழைய தேக்கு டிரெஸ்ஸருக்குப் பெயிண்ட் அடித்து அறைகளில் வைக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் பாவம் என்கிறார்கள்

"பாவம்" என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே சொல்லை என் அண்ணன் எனக்கு மூன்று வருடம் சொல்லிக் காட்டினார். அடிக்கலாம், தாராளமாக அடியுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நான் முதல் தடவை அடித்த மாதிரி அடிக்காதீர்கள்.

நான் இன்டீரியர் டிசைனர் இல்லை. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். "நல்ல மரத்தின் அருமை தெரியாதவர்" என்று கீழே எழுத வருபவர்கள் தயவுசெய்து முழுக்கப் படித்துவிட்டு எழுதுங்கள். அந்த அருமை தெரிந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

எங்கள் வீட்டில் டிரெஸ்ஸருக்குப் பெயர் கண்ணாடி பீரோ. மேலே நீள்வட்டக் கண்ணாடி, அதன் கீழே இரண்டு சின்ன டிராயர், அதற்கும் கீழே மூன்று நீள டிராயர். எழுபதுகளில் அப்பா எழும்பூர் பாந்தியன் சாலைப் பக்கம் ஒரு ஏலத்தில் எடுத்து, மீன்பாடி வண்டியில் ஏற்றி ஜாபர்கான்பேட்டைக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் விரல் முட்டியால் அதை இரண்டு தட்டுத் தட்டி "பர்மா தேக்கு" என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் தட்டினார். எனக்கு அப்படியே தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது கீழ் டிராயர் இரண்டும் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தன. வடிந்த பிறகு பார்த்தால் பாலிஷ் முழுவதும் வெள்ளை பூத்துப்போய், சாம்பல் பூசினது மாதிரி இருந்தது. அந்தக் காலத்து பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. தண்ணீர் நின்றால் அப்படித்தான் வெளுக்கும். பக்கப் பலகைகளில் அங்கங்கே கொப்புளம் வேறு. அம்மா ஒரு புடவையைப் போட்டு மூடிவிட்டார்.

2018-இல் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் புரமோட்டரிடம் கொடுத்தோம். அண்ணன் ஊஞ்சலை எடுத்துக்கொண்டார். அக்கா வெண்கலப் பானை, உருளி, அடுக்கு எல்லாம். கண்ணாடி பீரோவை யாரும் கேட்கவில்லை. பழைய சாமான்காரர் 800 ரூபாய் சொன்னார். நான்தான் வேண்டும் என்று மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். யாருக்கும் வேண்டாத பொருளுக்கு நான் பெயிண்ட் அடித்த அன்றைக்குத்தான் அது "அப்பாவோட தேக்கு" ஆனது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த முதல் தப்பு மாதம். ஐப்பசியில் ஆரம்பித்தேன். தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துண்டே காயாது, எண்ணெய் எனாமல் பெயிண்ட் எங்கே காயும்? விரல் வைத்தால் ஒட்டவில்லை, சரி காய்ந்துவிட்டது என்று மேலே நாலு புத்தகம் வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் அட்டையோடு பெயிண்டும் தோலாக உரிந்து வந்தது. தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. நல்ல வெயில் காலத்திலேயே இரண்டு மூன்று வாரம் எதையும் மேலே வைக்காமல் விடுவது நல்லது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. யூடியூபில் பார்த்தபடி 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி பழைய பாலிஷ் மொத்தத்தையும் தேய்த்து எடுத்தேன். பக்கப் பலகையில் கொப்புளம் இருந்த இடத்தைத் தேய்க்கத் தேய்க்க மேலே இருந்த மெல்லிய தகடு போய், உள்ளே அடுக்கு அடுக்காக ப்ளைவுட் தெரிந்தது. அப்பா நாற்பது வருடம் தட்டிக் காட்டிய பர்மா தேக்கு! பால்கனியில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

அதோடு விட்டதா? பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கிற வெள்ளை பிரைமர் அடித்து, அதன் மேல் யானைத் தந்த நிறத்தில் இரண்டு கோட் கொடுத்தேன். மறுநாள் டிராயர் முகப்பில் மட்டும் வெற்றிலைச் சாறு துப்பினது போலச் சிவப்பாகத் திட்டுத் திட்டாய் ஏறியிருந்தது. மூன்றாவது கோட் அடித்தேன். அதிலும் ஏறியது. பெயிண்ட் கடைக்காரர் பிரைமரைக் குறை சொன்னார், மாமியார் நான் ஆரம்பித்த ராகுகாலத்தைக் குறை சொன்னார்.

பங்குனியில்தான் விடை கிடைத்தது. பக்கத்துத் தெருவில் கதவு வேலைக்கு வந்திருந்த வயதான ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். டிராயரை உருவி, பின்பக்கத்தை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். "மேல் பலகை தேக்குதாம்மா. டிராயர் முகம் ரோஸ்வுட். சைடு ப்ளை. பின்னாடி ஏதோ நாட்டு மரம். ரோஸ்வுட் மேல நேரா வெள்ளை அடிச்சா சாயம் ஏறாம என்ன பண்ணும்?" என்றார். மரத்துக்குள் இருக்கிற சாயம் பெயிண்டில் கரைந்து மேலே வந்துகொண்டே இருக்குமாம். எத்தனை கோட் அடித்தாலும் வரும். அதைத் தடுக்க, பெயிண்டுக்கு முன்னால் அரக்கு இரண்டு கை அடிக்க வேண்டும். அதாவது, நான் மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்து எடுத்தேனே, அதே அரக்குப் பாலிஷ்! இருந்ததைச் சுரண்டிப் போட்டுவிட்டு, மறுபடி காசு கொடுத்து வாங்கிப் பூசினேன். தண்ணீருக்கு அரக்கு தாங்காது, ஆனால் இந்தச் சாயத்துக்கு அதுதான் அணை. ஸ்பிரிட்டில் கரைப்பதால் சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது.

உங்களுடையது உண்மையிலேயே தேக்கு என்றால் சிக்கல் வேறு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. தேய்த்த பிறகு தின்னர் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சீக்கிரமே பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்காது. அதற்கு முன்னால் அடியில் குனிந்தும் பாருங்கள். குண்டூசித் துளைகளும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து போடாமல் மேலே பெயிண்ட் அடிப்பது வீண். கண்ணாடியில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் சென்னையில் கண்ணாடிக் கடைகள் இருக்கிற தேவராஜ முதலி தெருவில் அளவு கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளலாம். பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டு நானே தேய்த்தேன்.

இதையெல்லாம் மொட்டை மாடியில் செய்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும். மாடிச் சாவி அசோசியேஷன் செயலாளரிடம். "மாடி பொதுச் சொத்து, தனிப்பட்ட வேலைக்குத் தர முடியாது" என்றார். அவர் வீட்டு வடாம் மட்டும் எந்தப் பொதுச் சொத்தில் காய்கிறது என்று நான் கேட்கவில்லை. பீரோ வந்த அன்றைக்கும் லிஃப்டில் ஃபர்னிச்சர் ஏற்றக் கூடாது என்று சொல்லி, மூன்று மாடி ஆள் வைத்துத் தூக்க 1,200 ரூபாய் ஆனது. அடுத்த மாதமே அவருடைய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் அதே லிஃப்டில் ஏறியது. பராமரிப்புக் கட்டணத்தை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டுகிறவள் நான். மோட்டார் ரிப்பேர் என்றால் முதலில் பணம் தருகிறவளும் நான். சரி, அதை இங்கே சொல்லி என்ன பயன்.

இரண்டாம் முறை தண்ணீரில் கரைக்கிற எனாமல் வாங்கினேன். வாடை குறைவு. எண்ணெய் எனாமலில் வெள்ளை அடித்தால் வெளிச்சம் படாத மூலையில் மஞ்சள் ஏறும். என் பூஜை அலமாரி அப்படித்தான் பல் கறை போல ஆகியிருக்கிறது. சாக் பெயிண்ட் என்று ஒன்றையும் சொல்வார்கள், 1990-இல் ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி கொண்டுவந்தது. பிரைமர் வேண்டாம், தேய்க்க வேண்டாம் என்று ஆசை காட்டும். ஆனால் ரோஸ்வுட் சாயம் அதற்கும் மேலே ஏறும். அதன் மேல் மெழுகு தேய்த்து முடிப்பது வழக்கம். எங்கள் தெருப் புழுதிக்கு எனக்கு அது தோதுப்படவில்லை.

நிறம் என்ன என்று கேட்பீர்கள். தந்த நிறம், ஓரங்களில் காவி. வாசல்படியில் மாக்கோலம் போட்டுக் காவி இடுவோமே, அந்தச் சிவப்பு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாமியார் கோயில் மதில் சுவர் என்றார். பெங்களூரில் இருக்கும் என் மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அம்மா, சுண்டல் எங்க குடுக்கிறாங்க?" என்றாள். டிராயர் முகப்பில் படிக்கோலம் வரைய வைத்திருந்த திட்டத்தை அன்றோடு விட்டேன். இப்போது அது படுக்கை அறையில், கட்டிலுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. கட்டிலுக்கு நேரே கண்ணாடி வேண்டாம் என்றார்கள். அதற்கு வாஸ்து ஒரு காரணம், தூங்கி எழுந்த என் முகம் இன்னொரு காரணம்.

ஒன்றோடு நிற்கவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கண்ணாடி இல்லாத இன்னொரு டிராயர் மேசை வாங்கினேன். ஹாலுக்கு. ஏற்கெனவே யாரோ பச்சை அடித்திருந்தார்கள். பழைய பெயிண்டாக இருந்தால் உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள், நெருப்புக் காட்டியும் எடுக்காதீர்கள். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையதில் என்ன இருக்குமோ. நான் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், முகத்தில் மாஸ்க், பேரன் ஊருக்குப் போயிருந்த வாரம். தேய்த்த சேற்றைத் துணியால் வழித்துக் கட்டிப் போட்டேன். பிறகு பழைய மெட்ராஸ் வீட்டு ஜன்னல் கதவுகளின் அந்த அடர்பச்சையையே திரும்ப அடித்தேன். மேலே டிவி, உள்ளே கொலு பொம்மை. பரணில் ஏறி இறங்கும் வேலை மிச்சம். நவராத்திரியில் டிவியை இறக்கிவிட்டால் அதன் மேல் பலகையே உச்சிப் படி, முன்னால் ஸ்டூலும் பலகையும் வைத்தால் மற்ற படிகளும் வந்துவிடும்.

நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதாக நினைக்கிறேன். அப்படியானால் இது இன்னும் பொருத்தம். ஓனர் சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார், நிறம் மாற்ற விட மாட்டார். மேசைக்கு என்ன நிறம் என்று அவர் கேட்க முடியாது. படத்தையும் கண்ணாடியையும் மேசை மேலே வைத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். சின்ன அறை என்றால் சுவரின் நிறத்தையே மேசைக்கும் அடித்தால் அடைத்துக்கொண்டு நிற்பது தெரியாது. பெரிய ஹாலில் ஒன்றே ஒன்று அழுத்தமான நிறத்தில் நிற்கட்டும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் பழைய டிரெஸ்ஸரில் துளை போட்டு வாஷ்பேசின் வைத்தாள். படத்தில் அழகாக இருந்தது. போர் தண்ணீர் தெறித்துத் தெறித்து உப்பு படிந்து, ஒரே வருடத்தில் அடிப்பலகை ஊதிவிட்டது.

அண்ணன் போன பொங்கலுக்கு வந்தார். படுக்கை அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் மேல் பலகையைத் தட்டினார், அப்பா மாதிரியே இரண்டு தட்டு. ஆசாரி சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். டிராயரின் உட்புறத்துக்கும் அது ஓடுகிற கட்டைக்கும் பெயிண்ட் அடிக்காதீர்கள். உள்ளே அடித்தால் துணியில் வாடை மாசக்கணக்கில் நிற்கும். கட்டையில் அடித்தால் சிக்கிக்கொள்ளும். அங்கே மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும், சறுக்கிக்கொண்டு வரும். நான் மூன்றாவது நீள டிராயருக்கு ஆர்வக் கோளாறில் கட்டையிலும் ஒரு கோட் இழுத்துவிட்டேன். மழை பிடித்தால் மரம் ஊதி, தை பிறக்கும்வரை அது திறக்காது. அதனால் அதில் பருத்திப் புடவைகளை மட்டும் வைத்திருக்கிறேன்.