நியாய விலை எது? காய்ந்த எடைக் கணக்கு தெரிந்தபின் கையெழுத்துப் போடுங்கள்

கேள்வி: சோழவந்தான் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. ஊடுபயிராக 400 கொக்கோ மரங்கள் காய்ப்பில் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாபாரி தோப்புக்கே வந்து பச்சை விதையாக எடுத்துக்கொள்கிறார். 20 கிலோவுக்கு 2 கிலோ ‘தண்ணிக் கழிவு’ பிடிக்கிறார். விலை அவர் சொல்வதுதான். இப்போது ஒரு சிறு சாக்லேட் நிறுவனத்தார் வந்து, புளிக்கவைத்துக் காயவைத்துக் கொடுத்தால் ‘நியாய விலை’ தருகிறோம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். நம்பலாமா ஐயா?

பதில்: நம்புவது அப்புறம் இருக்கட்டும். உங்கள் தோப்பில் ஒரு கிலோ உலர் விதைக்கு எத்தனை கிலோ பச்சை விதை போகிறது? இந்தக் கணக்கு கையில் இல்லாதவருக்கு யார் சொல்வதும் நியாய விலையாகத்தான் தெரியும்.

அடுத்த வெட்டில் 5 கிலோ பச்சை விதையை ஒரு வலைப்பையில் கட்டி, புளிக்கவைக்கும் குவியலின் நடுவில் புதைத்து வையுங்கள். மற்ற விதையோடு சேர்ந்து புளிக்கட்டும், காயட்டும். கடைசியில் அந்தப் பையை மட்டும் எடை போடுங்கள். பொதுவாக 100 கிலோவுக்கு 33 முதல் 40 கிலோ வரை நிற்கும். கோடை வெட்டுக்கும் மழைக்கால வெட்டுக்கும் இது மாறும். அதனால் ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு 35 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை விதை கிலோ 100 ரூபாய், உலர் விதை 350 ரூபாய் (கணக்குக்காகச் சொல்கிறேன், இன்றைய விலை அல்ல). 100 கிலோவைப் பச்சையாக விற்றால் 10,000. கழிவு போனால் 9,000. காயவைத்தால் 12,250. கழிவு போன விலைக்கும் இதற்கும் உள்ள இந்த 3,250 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். ஏறத்தாழ 12 நாள் வேலை அதற்குள் இருக்கிறது. உங்கள் வீட்டம்மா விதையைக் கிளறி, வாரி, அள்ளிக் கட்டுகிற வேலைக்கும் கூலி எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் ‘லாபம்’ என்று நாம் சொல்வது அவர்கள் கூலியைத்தான்.

தண்ணிக் கழிவுக்கு வருவோம். பச்சை விதையின் விலையே ஈரத்தைக் கணக்கில் எடுத்துப் போட்ட விலைதான். அதற்குமேல் கழிவு பிடிப்பது ஒரே ஈரத்துக்கு இரண்டு முறை கழிப்பது. பால் சொசைட்டியில் பாலில் தண்ணீர் என்றால் டிகிரி வைத்துக் காட்டச் சொல்வோம். இங்கே வியாபாரியின் வாயே டிகிரி! உடைத்த விதையை இரண்டு மணி நேரம் மூங்கில் கூடையில் வடியவிட்டு எடை போடுங்கள், அதன்பிறகு கழிவு கிடையாது என்று சொல்லிவிடுங்கள். ஆனால் காய்க்குள் இருக்கும் நடுத்தண்டு, தோட்டுத் துண்டு, எலியும் அணிலும் கடித்த காயின் விதை இவற்றைக் கலந்து கொடுத்துவிட்டு அவரைக் குறை சொல்லக் கூடாது. அவருடைய தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புளிக்கவைப்பதில் பலர் தவறுவது அளவில். கொஞ்சம் விதையைப் பெரிய பெட்டியில் போட்டால் சூடு பிடிக்காது. உள்ளே 45 முதல் 50 டிகிரி வரை சூடு ஏறினால்தான் விதையின் கசப்பு இறங்கும், சாக்லேட் மணத்துக்கு அடித்தளம் விழும். பக்கத்துத் தோப்புக்காரர்கள் நான்கைந்து பேர் ஒரே நாளில் வெட்டி ஒன்றாகப் பெட்டியில் போடுவது நல்லது. தனியாகத்தான் செய்ய முடியும் என்றால் வாழையிலை விரித்த சிறு கூடை முறை. இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி, ஆறு நாள். பிறகு வெயில். தார் ரோட்டில் காயவைக்காதீர்கள், அந்த வாடை விதைக்குள் போய்விடும். கைப்பிடி அள்ளி அழுத்தினால் படபடவென்று சத்தம் வரவேண்டும்; ஈரம் 7 சதத்துக்குள் என்று அர்த்தம்.

இனி ஒப்பந்தம். முதலில் விலை எதை வைத்து என்று பாருங்கள். 2022-ல் டன் 2,500 டாலர் அளவில் இருந்த கொக்கோ, 2024 ஏப்ரலில் நியூயார்க் சந்தையில் 11,000-ஐத் தாண்டியது. 2025 முடிவதற்குள் அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட், கானா விவசாயிகளுக்கு அந்த ஏற்றம் உடனே போய்ச் சேரவில்லை. அங்கே அரசு முன்கூட்டியே விற்று, பருவத்துக்கு ஒரு விலை என்று கட்டியிருந்தது. 2020-21 பருவத்திலிருந்து வாங்குவோர் டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகத் தரவேண்டும் என்று அந்த இரண்டு நாடுகளும் விதித்ததும் இருக்கிறது. நமக்கு இரண்டும் கிடையாது. கொப்பரைக்கு ஆதார விலை உண்டு, கொக்கோவுக்கு இல்லை. ஆகவே இதற்குக் கீழே இறங்காது என்று ஒரு தரை விலை, சந்தை ஏறினால் அதோடு ஏறும் என்று ஒரு வரி, இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஒன்றை மட்டும் தருகிறவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நட்டம் உங்கள் பக்கம்தான் வரும்.

தரம் பார்க்கும்போது நீங்களும் இருக்கவேண்டும். நூறு விதையை நீளவாக்கில் வெட்டினால் பழுப்பு நல்லது, ஊதா அரைகுறை, சிலேட் நிறம் புளிக்கவே இல்லை. அதே மூட்டையின் மாதிரி ஒரு கிலோ உங்களிடமும் இருக்கட்டும். தள்ளிய விதை திரும்ப வரவேண்டும். பணம் எத்தனை நாளில், வண்டி வாடகை யாருக்கு என்பதும் எழுத்தில், தமிழில் இருக்கட்டும். முன்பணம் கொடுத்து ‘வேறு யாருக்கும் விற்கக் கூடாது’ என்றால் வாங்காதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் காய் உடைக்கிறார்களா என்று நிறுவனத்தார் கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். ஆப்பிரிக்கத் தோட்டங்களில் பிள்ளைகள் வேலை செய்வது பெரிய பிரச்சினையாகி, 2001-லேயே சாக்லேட் நிறுவனங்கள் அதை நிறுத்துவதாக உடன்பட்டுக் கையெழுத்திட்டன. அதிலிருந்து வந்த கேள்வி. காய் உடைக்கும் பெண்களுக்கு என்ன கூலி என்று அவர்கள் கேட்கவில்லை என்றால், நீங்களே அதைச் சொல்லி விலையில் சேர்க்க வையுங்கள்.

வியாபாரியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்கப் போனால் பூஞ்சணம்தான் மிஞ்சும். அந்த வெட்டுகளை வடியவிட்டு எடைபோட்டு அவருக்கே கொடுங்கள்.