தென்னாப்பிரிக்காவுல நியூகாசில் மாதிரி டல்லான ஸ்டீல் ஊர்ல புதுசா வந்து இருக்கறது எப்படி இருக்கும்?

வேலை கிடைச்சிருக்கு, வரலாமானு கேட்டிருந்தீங்க. நான் திருச்சில இருந்து இங்க வந்து ஒன்றரை வருஷம் ஆகுது.

முதல்ல ஒண்ணு, இந்த ஊர் மூச்சு விடறதே ஸ்டீல் ப்ளாண்ட வச்சுதான். 1970கள்ல அரசு கம்பெனி இஸ்கோர் பெரிசா ஆரம்பிச்சது, இப்ப ஆர்சலர்மிட்டல்ங்கற தனியார் ஸ்டீல் கம்பெனி கையில. 2025 ஜனவரில மூடப்போறோம்னு அறிவிச்சாங்க, கரண்ட் செலவு, ரயில் சரக்கு பிரச்சனை, சீனாவுல இருந்து வர்ற மலிவு இரும்புனு காரணம் சொன்னாங்க. அப்புறம் அந்த வருஷம் தள்ளித் தள்ளிப் போச்சு, ஆனா அந்த பயம் சலூன்ல முடி வெட்டறவர் வரைக்கும் இருக்கு, "ஷிப்ட் ஆளுங்க வர்றதில்லப்பா"னு நாற்காலிய தட்டிட்டே சொல்வார். இன்னொரு பக்கம் 80கள்ல தைவான்காரங்க கொண்டு வந்த கார்மெண்ட் ஃபேக்டரிங்க, சம்பளம் கம்மி.

நான் வந்த முதல் ஜூன்ல, இங்க அப்ப குளிர்காலம், காலைல கார் கண்ணாடில பனி உறைஞ்சு கிடந்துச்சு, ஆப்பிரிக்கானா வெயில்னு நினைச்சு ஒரே ஒரு ஸ்வெட்டர் கொண்டு வந்தேன், சிரிக்காதீங்க. குழாய்ல தண்ணி திடீர்னு நின்னுடும், ரெண்டு டிரம் வாங்கி வைங்க.

நம்ம ஆளுங்க இருக்காங்க, பல தலைமுறைக்கு முன்னாடி வந்தவங்க வம்சம், கவுண்டர், நாயுடு, பிள்ளைனு பேரு இருக்கும், பெரும்பாலும் தமிழ் பேச வராது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கீரைய 'ஹெர்ப்ஸ்'னுதான் சொல்றாங்க, ஆடி மாசம் மாரியம்மனுக்கு ஊத்துற கூழ் இங்க 'பாரிட்ஜ் ப்ரேயர்', முதல் தடவ ஒரு சொம்பு கொண்டு வந்து கொடுத்தப்ப வாசல்லயே நின்னு குடிச்சேன்.

கான்ட்ராக்ட் எத்தன மாசம்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க. பிளாண்ட நம்பி நடக்கற கம்பெனினா, உங்க இடத்துல நான் இருந்தா வரமாட்டேன்.