டோரியன் கிரே செய்த ஒரே நற்செயல்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். மகளுக்குக் கல்லூரியில் பாடமாக வந்த ஆஸ்கர் வைல்டின் ‘டோரியன் கிரேயின் ஓவியம்’ நாவலை நானும் படித்து முடித்தேன். தன் அழகு மாறாதிருக்க வேண்டும், மூப்பைத் தன் ஓவியம் ஏற்க வேண்டும் என்று ஓர் இளைஞன் விரும்ப, அப்படியே நடக்கிறது. அவன் செய்யும் பாவங்களும் ஓவியத்தின் முகத்திலேயே பதிகின்றன. கடைசியில் ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிடுகிறான். அதற்காகவாவது அந்த ஓவியம் சற்றுத் தெளிந்திருக்கக் கூடாதா? மேலும், ஒழுக்கமான நூல், ஒழுக்கங்கெட்ட நூல் என்று எதுவுமே இல்லை என முன்னுரையில் எழுதியவர், முடிவில் அவனைச் சாகடிப்பது முரண் ஆகாதா?
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் முதல் கேள்வி நாவலின் உயிர்நிலையைத் தொடுகிறது, ஆகவே இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். 1890 ஜூலையில் ஒரு மாத இதழில் இக்கதை வந்தபோது லண்டன் பத்திரிகைகள் சில அதைக் கடுமையாகத் தூற்றின. முன்னுரை அந்தத் தூற்றலுக்கு வைல்டு தந்த மறுமொழி. 1891-இல் நூல் வெளியானபோதுதான் அது கதையோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஒரு செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தில், எல்லா அளவு மீறலும், அதைப் போலவே எல்லாத் துறவும், தமக்குரிய தண்டனையைத் தாமே கொண்டுவரும் என்பதே கதையின் நீதி என்று ஒப்புக்கொண்டு, அந்த நீதி இருப்பதே நூலின் ஒரே குறை என்றும் அவர் எழுதியிருந்தார். முரண் இருந்தது, அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதைக் குறை என்று அவர் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி ஹெட்டியின் கதைக்கு வருவோம். டோரியனின் செருக்கை அழகன் ஒருவனின் கண்ணாடி மோகம் என்று எண்ணி விட்டுவிடலாகாது. பதினோராம் அத்தியாயத்தில், சிறுவயதில் தான் பாடம் படித்த மேல்மாடி அறைக்குள் அவன் கண்ணாடியோடு சென்று, ஓவியத்தில் கெட்டுவரும் முகத்தையும் கண்ணாடியில் சிரிக்கும் இளமுகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். நெற்றிச் சுருக்கங்களையும் தடித்த வாயைச் சுற்றிய கோடுகளையும் நுணுகிப் பார்த்து, பாவத்தின் குறி கொடியதா, மூப்பின் குறி கொடியதா என்று யோசிக்கிறான். இரண்டு முகங்களும் விலக விலக அவன் இன்பம் கூடுகிறது. தன் கேட்டையே இப்படி ரசிக்கப் பழகியவன், தன் நன்மையை ரசிக்காமல் விடுவானா?

ஹெட்டியை விட்டுவந்ததும் அவன் அதைப் போய்ச் சொல்வது யாரிடம்? தன்னைக் கெடுத்த ஹென்றி பிரபுவிடம். அவள் அழுதாள்தான், ஆனால் அவளுக்கு இழுக்கு எதுவும் நேரவில்லை என்கிறான். அந்தப் பெண்ணின் கண்ணீரை அத்தனை எளிதாகத் தாண்டிப் போவதைப் படிக்கும்போது எனக்கு மனம் கசந்துபோகிறது. அடுத்து விளக்கை எடுத்துக்கொண்டு மாடியேறி, ஓவியம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கப் போகிறான். கூலி வந்து சேர்ந்ததா என்று பார்க்கிற அவசரம் அது. திரையை விலக்கினால் கண்ணில் சூது. வாயில் பாசாங்குக்காரனின் வளைந்த சுருக்கம். அந்த ஓவியத்தை வரைந்த பாசிலைக் கொன்ற கையின் கறை முன்னிலும் பரந்து கிடக்கிறது. செருக்கினால்தான் அவளை விட்டேன் என்று அப்போது அவனுக்கே விளங்குகிறது. உண்மையான மாற்றத்துக்கு அங்கேயே ஒரு வழி இருந்தது. கொலையை ஒப்புக்கொள்ளலாமா என்று ஒரு கணம் எண்ணுகிறான், எண்ணிவிட்டுச் சிரிக்கிறான். ஓவியத்தின் தீர்ப்பில் அநியாயம் எதுவும் இல்லை, அம்மா.

புறத்தே குன்றிமணி போலச் சிவந்தும் அகத்தே அதன் மூக்கைப் போலக் கறுத்தும் இருப்பவர்களைப் பற்றிக் குறளில் ‘கூடாவொழுக்கம்’ அதிகாரம் பேசுகிறது. பொன் நிறுக்கக் குன்றிமணியைப் பயன்படுத்திய தொழிலின் வழிவந்த உங்களுக்கு அந்த மணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் கறுப்பு அந்த மணியிலேயே இருப்பதால், கையில் எடுத்துத் திருப்புகிற எவர் கண்ணிலும் பட்டுவிடும். வைல்டு அந்தக் கறுப்பைத் தனியே பிரித்தெடுத்துப் பூட்டிய அறைக்குள் வைத்து, சாவியை டோரியன் கையிலேயே கொடுத்துவிடுகிறார். அதனால்தான் அவனைத் தண்டிக்க ஊராலும் முடியவில்லை, சட்டத்தாலும் முடியவில்லை. டோரியன் காதலித்துக் கைவிட்டதால் உயிரை மாய்த்துக்கொண்ட நடிகை சிபிலின் சாவுக்குப் பழிவாங்க வந்த அவள் தம்பிகூட வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்துபோகிறான். எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த ஓவியம்தான். அதையும் ஒழித்துவிட்டால் நிம்மதி என்று டோரியன் தானே கத்தியை எடுத்து அதைக் குத்துகிறான், செத்து விழுவது அவனே. நாவலாசிரியர் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய நீதியாக அந்த முடிவு எனக்குத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

கேள்வி: இதே நாவலைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்குக் கொடுக்கலாமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு

பதில்: கொடுக்கலாம், ஆனால் நீங்களும் கூடவே படியுங்கள். ஹென்றி பிரபுவின் பேச்சு இளவயதினரைச் சட்டென்று மயக்கிவிடும். அவர் சொல்வதற்கும் அவர் பேச்சைக் கேட்டவன் கதி என்ன ஆனது என்பதற்கும் உள்ள தொலைவைப் பேரனோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இருபது அத்தியாயங்கள் கொண்ட 1891 பதிப்பையே வாங்குங்கள். பதினோராம் அத்தியாயத்தில் மணிகளும் வாசனைப் பொருள்களும் பூவேலைத் துணிகளும் பக்கம் பக்கமாக வரும்போது பையன் சலித்துப்போவான். அந்த இடங்களை அவன் வேகமாகக் கடந்தாலும் பரவாயில்லை. அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் வரும் கண்ணாடிக் காட்சியை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.