மாடியில ரெண்டு ஏசி, பில்லுல எனக்கும் சம பங்கா?

கேள்வி: வணக்கம் மேடம், ஒரே வீட்டுல மூணு போர்ஷன், கரண்ட் மீட்டர் ஒண்ணுதான். வர்ற பில்ல ஓனர் மூணா வகுத்து வாங்குறார். நான் தனி ஆள், காலைல போனா ராத்திரிதான் வர்றேன். மாடியில அஞ்சு பேர், ரெண்டு ஏசி. கேட்டா சண்டை ஆயிடுமோனு பயமா இருக்கு. எப்படி பிரிச்சா நியாயம்?

பதில்: பயம் புரியுதுங்க, ஆனா மாசாமாசம் உள்ளுக்குள்ள புழுங்கிட்டே இருந்தா அதுதான் ஒருநாள் பெரிய சண்டையா வெடிக்கும், அதனால கேளுங்க, கையில கணக்கோட கேளுங்க. 1500 வாட்ஸ் ஏசி கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினா ஒன்றரை யூனிட், உங்க 75 வாட்ஸ் ஃபேன் அந்த ஒன்றரை யூனிட்ட எடுக்க 20 மணி நேரம் ஓடணும், இதை எப்படிங்க மூணா வகுக்க முடியும்?

போர்ஷனுக்கு ஒரு சப் மீட்டர் போடச் சொல்லுங்க. அந்த செலவு ஓனரோடதா இருக்கிறதுதான் முறைனு எனக்கு படுது. மெயின் மீட்டர் ரீடிங் எடுக்கிற அன்னைக்கே எல்லா சப் மீட்டரையும் போட்டோ எடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. மெயின்ல 400, உங்களோடது 60, கீழ் வீடு 100, மாடி 220னு வெச்சுப்போம், மிச்சம் 20 மோட்டாரும் மாடிப்படி லைட்டும். வீடுகளோட 380ல உங்க 60 ஆறுல ஒரு பங்குகூட இல்ல, நீங்க குடுக்கிறது மூணுல ஒரு பங்கு! ஃபிக்ஸட் சார்ஜும் மாடிப்படி லைட்டும் மட்டும் சமமா இருக்கட்டும். தண்ணி, மோட்டாருக்கு தலைக்கணக்கு.

யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுற ஸ்லாப் முறைனா இன்னொரு சிக்கல் இருக்கு, மாடி ஏசியால மொத்த பில்லும் மேல் ஸ்லாபுக்கு போய் உங்க 60 யூனிட்டும் சேந்து ரேட்டு ஏறிடும். அப்போ அவங்கவங்களுக்கு தனி மீட்டர் இருந்திருந்தா எவ்ளோ வந்திருக்கும்னு போட்டுப் பாத்து அந்த விகிதத்துல பில்ல பிரிக்கிறதுதான் சரி.

சப் மீட்டர் போட்டதும் ஒரு தடவை வீட்டுல எல்லா ஸ்விட்சையும் ஆஃப் பண்ணி, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் புடுங்கிட்டு மீட்டர் முன்னாடி நில்லுங்க. 3200 இம்ப்னு போட்டிருந்தா அந்த சின்ன சிவப்பு லைட்டு 3200 தடவை மினுக்கினா ஒரு யூனிட். எல்லாம் ஆஃப்ல இருந்தும் அது மினுக்கிட்டே இருந்தா மோட்டாரோ மாடிப்படி லைட்டோ உங்க லைன்ல சேந்திருக்கலாம், எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு காட்டிட்டு அப்புறம் பில்லு கட்டுங்க.