எலும்பை ஏன் எடுக்க வேண்டும்? கழுத்தில் பிறவிக் கட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு 5 வயது. கழுத்தின் நடுவில் கட்டி. நாக்கை நீட்டினால் மேலே ஏறுகிறது. கட்டியோடு எலும்பையும் எடுக்கணுமாமே?

பதில்: பெரும்பாலும் தைரோகுளோசல் கட்டிதான். கருவில் தைராய்டு நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்குகிறது. அந்த வழி மூடாமல் மிஞ்சினால் நீர் சேர்ந்து கட்டியாகும். வழி, நாக்குக்கும் குரல்வளைக்கும் இடையில் இருக்கும் ஹையாய்டு எலும்பை ஒட்டியே போகிறது. கட்டியை மட்டும் உரித்தால் வேர் அங்கே தங்கிவிடும். பாதிப் பேர் வரை திரும்ப வரும். 1920-இல் சிஸ்ட்ரங்க் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறையில் எலும்பின் நடுத்துண்டையும், அதற்கு மேலே நாக்கின் அடிவரை கொஞ்சம் தசையையும் சேர்த்து எடுப்பார்கள். திரும்ப வருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தத் துண்டு இல்லாமலே குழந்தை பேசும், விழுங்கும்.

ஆபத்து வேறு இடத்தில். சிறு குழந்தைகளுக்கு ஹையாய்டு, குரல்வளையின் குருத்தெலும்பு மேல் கவிந்திருக்கும். எது எது என்று தடவி உறுதிசெய்யாமல் வெட்டினால் கத்தி மூச்சுப்பாதைக்குள் போய்விடும். நடுக்கோட்டை விட்டு விலகினால் நாக்கை அசைக்கும் நரம்பு வெட்டுப்படலாம்.

முதலில் ஸ்கேன் எடுங்கள். தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா? சிலருக்கு அந்தக் கட்டிதான் உடம்பில் இருக்கும் ஒரே தைராய்டு.

கேள்வி: காதுக்குக் கீழே பிறவித் துளை, அடிக்கடி சீழ் வடிகிறது.

பதில்: முகத்தை அசைக்கும் நரம்பு அந்தத் துளையின் பாதைக்கு மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். பரோடிட் (காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) ஆபரேஷனில் கை பழகியவரிடம் போங்கள்.

கேள்வி: பக்கக் கழுத்துக் கட்டி சீழ் பிடித்துவிட்டது. கீறிவிட்டால் போதுமா?

பதில்: கீறாதீர்கள். ஆன்டிபயாடிக், தேவையானால் ஊசியால் உறிஞ்சல். வீக்கம் நன்றாக அடங்கிய பிறகு ஆபரேஷன்.

மறுப்பு: எனக்குக் கீறித்தான் விட்டார்கள் சார். 8 வருஷமாக ஒன்றுமில்லை.

பதில்: சந்தோஷம். ஆனால் பை உள்ளேதான் இருக்கிறது. இந்த வகையின் பாதை தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் இரண்டு கிளைகளுக்கு நடுவே புகுந்து டான்சில் வரை போகும். தழும்பில் எல்லாம் ஒட்டிப்போன பிறகு தமனிச் சுவரிலிருந்து அதைப் பிரிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மறுப்பு: மூச்சு அடைத்தாலும் ஊசிதானா?

பதில்: இல்லை, அப்போது கீறத்தான் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு மூச்சு அடைத்ததா?

மறுப்பு: இல்லை.

பதில்: சரி.

கேள்வி: வயது 52. பக்கக் கழுத்தில் புதிதாக நீர்க்கட்டி. பிறவிக் கட்டி என்கிறார்கள்.

பதில்: 40-க்கு மேல் அந்தப் பெயரை அவசரமாக ஏற்காதீர்கள். டான்சில், நாக்கின் அடி, தைராய்டு இவற்றின் புற்று நிணநீர்க் கணுவுக்குப் பரவினாலும் இப்படியே நீர்க்கட்டியாகத் தெரியும். ஊசிப் பரிசோதனையும் தொண்டைப் பரிசோதனையும் முடியட்டும்.

கேள்வி: களிம்பில் கரையுமா?

பதில்: கரையாது.

கேள்வி: என் பையனுக்கும் நடுக்கழுத்தில்தான். எலும்பு எடுக்காமல் முடியாதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அப்புறம், ஸ்கேன் எடுத்தாச்சா?