மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆறு வார வேலை

ராக் கிட்டாரின் முறுக்கும் பாப் மெட்டின் இனிமையும் சேர்ந்த இசை பவர் பாப். சொந்த முயற்சியில் அந்த வகை ஆல்பம் கொண்டுவரும் பேண்டுகளின் கேள்விகள் இந்த மாதம். எல்லாமே வடசென்னையிலிருந்து வந்தவை.

கேள்வி: நாங்கள் நாலு பேர், இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ். பத்துப் பாட்டு தயார். இங்கிலீஷில் டம்மி வரி வைத்துப் பாடினால் கோரஸ் (பல்லவி போலத் திரும்ப வரும் பகுதி) தூக்குகிறது. தமிழ் வரி வைத்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. தமிழ் இந்த இசைக்குச் சரிப்படாதா? (ராயபுரம்)

பதில்: நன்றாகவே சரிப்படும். மெட்டு இழுக்கிற இடத்தில் உங்கள் வார்த்தை இழுபடவில்லை, அதுதான் கோளாறு. தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். ‘படம்’ ‘பாடம்’ ஆகும். ‘மலை’ ‘மாலை’ ஆகும். பாடுகிறவர் அதைத் தவிர்க்கத் தன்னையறியாமல் நோட்டைச் சுருக்குகிறார். கோரஸின் உச்சி அங்கே அறுந்துபோகிறது.

இப்படிச் செய்யுங்கள். கோரஸை ‘லா லா’ என்று பாடி போனில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு பீட்டுக்கு மேல் நிற்கிற நோட்டுகளை மட்டும் தாளில் குறியுங்கள். ஒரு கோரஸில் மூன்று நான்குதான் தேறும். அந்த இடங்களில் ஆ, ஏ, ஓ வருகிற சொற்களை முதலில் உட்காரவைத்துவிட்டு, மிச்ச வரியைச் சுற்றிலும் கட்டுங்கள். ‘பாட்டு’, ‘காத்து’ போல வல்லினத்தின் மேல் உகரத்தில் முடியும் சொல்லை நீண்ட நோட்டில் வைக்காதீர்கள். அந்த உகரம் இயல்பிலேயே குறுகி ஒலிப்பது, நிற்கச் சொன்னால் நிற்காது. சொல்லை வரியின் நடுவுக்குத் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும். உச்ச நோட்டில் ஈகாரமும் வேண்டாம், தொண்டையை இறுக்கும்.

‘பவர் பாப்’ என்ற சொல்லை 1967-இல் இங்கிலாந்தின் தி ஹூ ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைக் குறிக்கச் சொன்னார். இந்த இசையில் கோரஸ் சீக்கிரம் வந்துவிட வேண்டும். கோரஸ் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் முன்னிசையை வெட்டுங்கள். எட்டு பார் (தாளச் சுற்று) வாசிக்கிற இடத்தில் நாலு பார் போதும்.

கேள்வி: வீட்டு மாடி அறையில் ரெக்கார்டிங். கோரஸில் நாலு பேரும் பாடினால் குழம்பிப்போய்க் கேட்கிறது. கிட்டாரிலோ ஓயாத ‘ம்ம்ம்’ சத்தம். பக்கத்தில் ரயில் வேறு. என்ன செய்வது? (வியாசர்பாடி)

பதில்: குழப்பத்துக்கு முதல் காரணம் மெய்யெழுத்து. வரி ‘ட்ட’, ‘க்க’ என்று வெடிக்கும் இடத்தில் நாலு பேரும் நாலு நேரத்தில் வெடிக்கிறார்கள். வல்லினத்தை முதன்மைக் குரல் மட்டும் அழுத்தட்டும். மற்ற மூவரும் அதைத் தொட்டும் தொடாமலும் உயிரெழுத்தை மட்டும் பிடிக்கட்டும். இது ஒன்றே பெரிய வித்தியாசம் தரும். அப்புறம் முதன்மைக் குரலை இரண்டு முறை தனித்தனியாகப் பாடவைத்து நடுவில் வையுங்கள். உடன் பாடும் ஹார்மனிக் குரல் ஒவ்வொன்றையும் இரண்டு டேக் எடுத்து இடமும் வலமுமாகத் தள்ளுங்கள். ஹார்மனியில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை வெட்டிவிட்டு, முதன்மைக் குரலைவிட 6 டெசிபல் குறைவில் தொடங்கி, தேவைக்கேற்ப ஏற்றுங்கள்.

கிட்டாரிலும் இதே விதிதான். ஒரே டேக்கை காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். இரண்டாவது தடவை வாசித்தே ஆகவேண்டும். அதையும் கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) ஐந்தாவது ஃப்ரெட்டில் போட்டு, அதே கார்டுகளை வேறு வடிவத்தில் பிடித்து வாசித்தால், பன்னிரண்டு தந்தி கிட்டார் இல்லாமலே அந்த மினுமினுப்பில் பாதி கிடைத்துவிடும்.

‘ம்ம்ம்’ சத்தத்துக்கு ஒரு சோதனை. கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். திசைக்குத் திசை சத்தம் கூடிக் குறைந்தால், தந்தியின் அதிர்வை வாங்கும் கிட்டாரின் பிக்அப், அருகிலிருக்கும் இன்வெர்ட்டர் அல்லது அடாப்டரின் இரைச்சலையும் பிடிக்கிறது. அந்தக் கருவியைத் தள்ளிவைத்து, சத்தம் குறைந்த திசையில் உட்கார்ந்து வாசித்தால் போதும். திரும்பியும் மாறாமல், தந்தியில் கை வைத்தால் மட்டும் அடங்கினால் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் கழற்றக்கூடாது. மைக்கில் உதடும் தந்தியில் கையும் இருக்கும்போது ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

ரயில் சத்தத்தை முட்டை அட்டை தடுக்காது. அது அறைக்குள் எதிரொலிக்கும் உச்ச ஒலியில் கொஞ்சத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். பாடுகிறவரின் முதுகுப் பக்கம் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், ஃபேனை அணையுங்கள், இரண்டு ரயிலுக்கு நடுவில் பாட்டைப் பகுதி பகுதியாக எடுங்கள். குரலையும் கிட்டாரையும் இப்படி வீட்டில் முடித்துவிடலாம். டிரம்ஸுக்கு மட்டும் ஸ்டுடியோ எடுங்கள். அங்கே மேலே தொங்கும் இரண்டு மைக்குக்கும் ஸ்னேர் எனும் சின்ன டிரம்மின் நடுவிலிருந்து நூல் பிடித்து ஒரே நீளம் வையுங்கள். நீளம் மாறினால் ஸ்னேர் அடி இரண்டு மைக்கிலும் வேறுவேறு நேரத்தில் விழுந்து மெலிந்துபோகும்.

கடற்காற்று அடிக்கிற பகுதியில் ஸ்டீல் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாளே புதுத் தந்தி போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் மறுபடி டியூன் பண்ணுங்கள்.

கேள்வி: அடுத்த வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று போஸ்டர் போட்டுவிட்டோம். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் இன்னும் ஏற்றவில்லை. சமாளிக்கலாமா? (தண்டையார்பேட்டை)

பதில்: தள்ளிப்போடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் தள்ளிப்போடுங்கள். 1972-இல் மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விநியோகம் சொதப்பியதால் வாங்கப் போனவர்களுக்குக் கடையில் இசைத்தட்டு இல்லை. இந்த வகை இசையில் இன்றுவரை பேசப்படும் இழப்பு அது. உங்கள் ஆல்பத்துக்கு அந்தக் கதி வேண்டாம்.

2015 ஜூலை முதல் உலகமெங்கும் புது ஆல்பத்துக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். உங்கள் புது வெளியீட்டு வெள்ளியிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணி, அதற்குள் தளத்தில் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அது அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் அப்படிக் கொடுக்க முடியும். அட்டைப்படம் சரியில்லை, பெயரில் எழுத்துப்பிழை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினாலே ஒரு வாரம் போய்விடும்.

அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் போன் நம்பர், இணைய முகவரி, விலை எதுவும் இருக்கக்கூடாது. பாட்டு 24 பிட் வேவ் கோப்பு. ஒலியளவில் ஸ்பாட்டிஃபை -14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்செய்கிறது. நீங்கள் -7 வரை நசுக்கிக் கொடுத்தால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். டிரம்ஸின் அடி மட்டும் செத்துப்போய் நிற்கும். உச்சத்தை -1 டெசிபலில் நிறுத்துங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஐ.எஸ்.ஆர்.சி. எனும் அடையாள எண்ணில். 12 இலக்கமும் எழுத்துமாக ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒன்று. ஏற்கெனவே சிங்கிளாக விட்ட பாட்டு ஆல்பத்திலும் வந்தால் பழைய எண்ணையே கொடுங்கள். புது எண் வாங்கினால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பழைய பாட்டோடு நின்றுவிடும். 12 மாதத்தில் 1000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை என்பதால் இது காசு விஷயமும்கூட. மறுபடி பாடிய அல்லது ரீமிக்ஸ் செய்த வடிவத்துக்கு மட்டும் புது எண். பேண்ட் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பாட்டு வேறொருவர் பக்கத்தில் போய் உட்காரலாம்.

கேள்வி: மெட்டு என் நண்பருடையது, வரிகள் என்னுடையவை. பேஸ் வாசித்தவர் பாதியில் விலகிவிட்டார். உரிமை யாருக்கு? (பெரம்பூர்)

பதில்: மெட்டு அவருக்கு, வரி உங்களுக்கு. எழுதிய உடனே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. வாசித்தவருக்கும் கலைஞர் உரிமை உண்டு, அதனால் விலகியவரிடம் ‘என் வாசிப்பை இந்த ஆல்பத்தில் பயன்படுத்தலாம்’ என்று எழுதி வாங்குங்கள். முகம் கொடுத்துப் பேசுகிற காலத்திலேயே இதை முடிப்பது நல்லது. பாட்டுக்கு ஒரு தாள்: பாட்டின் பெயர், யார் எதை எழுதியது, கூட்டினால் 100 வரும் சதவீதம், தேதி, எல்லோர் கையெழுத்தும். பிறகு நீங்கள் இருவரும், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள்.

கேள்வி: வெளியீட்டு நிகழ்ச்சியில் விற்க சி.டி. போடலாமா, டி-ஷர்ட்டா? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: டி-ஷர்ட். துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு பக்கத்திலேயே இருக்கும்போது துணிக்கு அலையத் தேவையில்லை. 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி எடுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் என்பதால் ஒரே நிறத்தில் டிசைன் செய்தால் ஐம்பது உருப்படிக்கும் விலை கட்டுப்படும். சி.டி.க்குப் பதில் பாட்டு வரிகள் அடங்கிய சின்னப் புத்தகம் போடுங்கள், உள்ளே டவுன்லோடுக்கு கியூ.ஆர். கோடு. தாள் ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கவேண்டும். பத்துப் பாட்டு என்றால் பாட்டுக்கொரு பக்கம், பெயர்களுக்கும் நன்றிக்கும் ஒவ்வொரு பக்கம் என்று 12 பக்கம் கச்சிதம்.

மொட்டை மாடியில் நடத்துவதானால் ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் அதற்கு இடமில்லை. கோரஸ் பாட்டை 9.30-க்கே வைத்துவிடுங்கள்.