மின்னூல்களின் பெருக்கத்தால் பாரம்பரியப் பதிப்பகங்கள் அழிந்துவிடுமா?

அச்சுக்கு முதல் போடுவது மட்டுமே தம் வேலை என்றிருக்கும் பதிப்பகங்களுக்கு ஆபத்து உண்மையானது. பிரதியைச் செம்மைப்படுத்தி, மெய்ப்புப் பார்த்து, தரமானதைத் தேர்ந்து வெளியிடும் பதிப்பகங்களுக்கு அவ்வளவு இல்லை.

காரைக்குடிக்காரனான எனக்கு இது வெறும் வணிகக் கேள்வி அன்று. தமிழ்ப் பதிப்புத் துறைக்கு முதலும் துணிவும் தந்தவர்களில் எங்கள் வட்டாரத்தார் பலர் உண்டு. இராயவரத்தில் பிறந்த பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை 1957-இல் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். அந்த விலைக்குக் கொடுக்கப் பெருந்தொகையில் அச்சிட்டாக வேண்டும். விற்காவிட்டால் நட்டம் முழுவதும் அவர் தலையில்தான் விழும். அந்த நட்டத்தைத் தாங்க ஒருவர் வேண்டியிருந்ததாலேயே, எழுத்தாளர் பத்து விழுக்காடு அளவிலான உரிமைத்தொகையை (ராயல்டி) ஏற்றுக்கொண்டு பதிப்பாளரை நாடினார். மின்னூலில் அச்சுக்கூலியும் இல்லை, கிடங்கும் இல்லை. 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் வந்தபின், எழுத்தாளர் தாமே பதிவேற்றி, விலையும் நிபந்தனையும் பொருந்தினால் 70 விழுக்காடு வரை பெற முடிகிறது.

இதைவிடப் பெரிய அடி பழைய நூல்களின் மீது விழுகிறது. அரசு உரிமையைப் பெற்று யாரும் வெளியிடலாம் என்று பொதுவாக்கிய, அதாவது நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை மறுபதிப்புச் செய்து, அந்த வருவாயில் புதியவர்களின் நூல்களைக் கொண்டுவருவது பல பதிப்பகங்களின் வழக்கம். அந்த நூல்களுள் பல இன்று தன்னார்வலர்களின் இணைய நூல்தொகுப்பான மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அது வாசகனுக்கு நன்மையே, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புத்தம்புது நாவலையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது திருட்டு. எழுத்தாளர், பதிப்பாளர் இருவர் பிழைப்பையும் அது கெடுக்கிறது.

அச்சு நூலுக்கு இன்னும் ஒரு வலு இருக்கிறது. கிண்டிலில் நாம் வாங்குவது படிக்கும் உரிமம்தான். 2009-இல் அமேசான், உரிமைச் சிக்கலில் அகப்பட்ட சில நூல்களை வாசகர்களின் கருவியிலிருந்தே அழித்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப்பின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. உரிமங்களைச் சேர்த்து அப்படியொரு நூலகத்தை விட்டுச்செல்ல முடியாது.

பதிப்பகம் நடத்துவோர் உடனே கவனிக்க வேண்டியது ஒப்பந்தம். மின்னூல் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட பழைய ஒப்பந்தங்களில் மின்னுரிமை பற்றி ஒரு வரியும் இராது. எழுத்தாளரின் வாரிசுகளோடு அமர்ந்து, அச்சு நூலுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலான பங்கை மின்னூலுக்குத் தர ஒப்புக்கொண்டு, அதை இப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.